மாக்டபர்க் அரைக்கோளங்களும் ஓட்டோ வான் கேரிக்கேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாக்டபர்க் அரைக்கோளங்களை வைத்துச் செய்துகாட்டுவது என் வழக்கம். 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வார்ப்பிரும்புக் கிண்ணங்கள், இருபுறமும் கைப்பிடி, ஒன்றில் மட்டும் காற்றை வெளியேற்ற ஒரு குழாய். விளிம்பில் கிரீஸ் தடவிச் சேர்த்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பினால் எடுத்துவிட்டால், இரண்டு பிள்ளைகள் காலை ஊன்றி இழுத்தாலும் கிண்ணங்கள் பிரியாது. குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் இரண்டும் தாமாகக் கழன்று வரும். அதற்குப் பிறகு கேள்விகள் தொடங்கும். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. மாணவர்களும் பெற்றோரும், சில சமயம் ஆசிரியர்களும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் ஐயா? விஞ்ஞானிதானே?

ஓட்டோ வான் கேரிக்கே. 1602இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் பிறந்தார். 1686இல் ஹாம்பர்க்கில் மறைந்தார். சட்டம் படித்தவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கோட்டை கட்டும் பொறியியலும் கற்றார். பிழைப்புக்கு அவர் செய்தது நகர நிர்வாகம். 1626 முதல் நகர மன்றத்தில் இருந்தார். 1646இல் மாக்டபர்க்கின் மேயர்களில் ஒருவரானார். 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் நீடித்தார்.

ஆய்வுக்கென்று அவருக்குச் சம்பளம் கிடையாது, பல்கலைக்கழகப் பதவியும் கிடையாது. நகர வேலைக்கு இடையில், பெரும்பாலும் தன் சொந்தச் செலவில் செய்தார். அந்தக் காலத்தில் சோதனை இயற்பியல் என்ற துறையே முளைவிட்டுக்கொண்டிருந்ததால் இது வியப்பில்லை. ஆனால் ஒரு முழுநேர நிர்வாகி இத்தனை பொறுமையாகக் கருவிகளைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்தார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அவருடைய ஊர் போரில் அழிந்துபோனது என்று படித்தேன். உண்மையா?

உண்மை. மத்திய ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரின் நடுவில், 1631 மே மாதம், தளபதி டில்லியின் தலைமையில் புனித ரோமானியப் பேரரசின் படை மாக்டபர்க்கைக் கைப்பற்றிச் சூறையாடித் தீவைத்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் பல தலைமுறைக்குப் பேசப்பட்ட கொடுமை அது. கேரிக்கே குடும்பம் உடைமைகளை இழந்து சிறைப்பட்டு, மீட்புத்தொகை கட்டப்பட்ட பிறகு உயிர் தப்பியது. சில காலம் சுவீடனின் சேவையில் எர்ஃபர்ட் நகரில் பொறியாளராக வேலை பார்த்தார். பிறகு சாம்பலாகிக் கிடந்த ஊருக்குத் திரும்பி, அதை மீண்டும் கட்டுவதற்கான வரைபடம் தயாரித்தார்.

மேயரான பிறகு ஆஸ்னாபுரூக், நியூரம்பர்க், வியன்னா, ரேகன்ஸ்பர்க் என்று ஊர் ஊராகப் போய், பேரரசர் அவையிலும் சமாதானப் பேச்சுகளிலும் மாக்டபர்க்கின் உரிமைக்காக வாதாடினார். அந்த முயற்சி கைகூடவில்லை. 1666இல் நகரம் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் அரசின் ஆட்சிக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. சோதனைகளை வேடிக்கை மனிதர் ஒருவரின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் இந்தப் பின்னணியைத் தவறாமல் சொல்வேன். நாசமான ஊரைத் தூக்கி நிறுத்திக்கொண்டே அவர் இந்த வேலைகளைச் செய்தார்.

வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம். ஒன்றுமில்லாததற்காக ஏன் இவ்வளவு சண்டை போட்டார்கள்?

வெற்றிடம் இருக்க முடியுமா என்பதே சண்டை. இருக்க முடியாது என்றார் அரிஸ்டாட்டில். வெற்றிடத்தில் தடுக்க எதுவும் இல்லாததால் பொருள்களின் வேகத்துக்கு எல்லையே இருக்காது, அது அபத்தம் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்ற பேச்சு அந்த வழியில் வந்ததுதான். கேரிக்கேயின் காலத்திலேயே பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் இன்னொரு வழியில் மறுத்தார்: இடம் என்பதும் பொருள் என்பதும் ஒன்றே, ஒரு பாத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அதன் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும் என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

கேரிக்கேக்கு வானியலிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. அவர் கோப்பர்நிக்கஸ் பக்கம் நின்றவர். பூமியும் கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்றால் அவை எதன் ஊடாகச் சுற்றுகின்றன? ஏதேனும் பொருள் நிரம்பியிருந்தால் வேகம் குறைய வேண்டாமா? எனவே விண்வெளி வெறுமையாக இருக்க வேண்டும் என்று எண்ணினார். புத்தகங்களை மேற்கோள் காட்டி இதைத் தீர்க்க முடியாது, செய்து பார்த்தால்தான் தீரும் என்று அவர் முடிவு செய்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய லத்தீன் நூலுக்கு 'வெற்றிடம் குறித்த புதிய மாக்டபர்க் சோதனைகள்' என்பது பெயரானாலும், அதன் ஏழு பகுதிகளில் பெரும்பங்கு வானத்தைப் பற்றியதுதான்.

காற்றைப் பம்பு வைத்து எடுப்பது என்ன பெரிய வித்தை? சைக்கிள் பம்பைத் திருப்பிப் போட்டால் போதாதா?

இன்று போதும். ஏனென்றால் வால்வு எப்படி இருக்க வேண்டும், இடைவெளியை எதைக் கொண்டு அடைக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. 1650ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரிக்கேயிடம் இருந்தது, தீயணைக்கத் தண்ணீர் பீய்ச்சப் பயன்படும் பித்தளைப் பீச்சாங்குழல் போன்ற ஒன்று. காற்றை நேராக இழுக்கலாம் என்று அவருக்கு முதலில் தோன்றவில்லை. தண்ணீர் நிரம்பிய பீப்பாயிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டால், அது இருந்த இடம் வெறுமையாகத்தானே இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

பீர் வைக்கும் மரப்பீப்பாயின் இடுக்குகளை அடைத்து, தண்ணீர் நிரப்பி, அடியில் பம்பைப் பொருத்தினார்கள். முதலில் ஆணிகளும் பட்டைகளும் பிய்த்துக்கொண்டன. அவற்றைப் பலப்படுத்திவிட்டு, வலுவான மூன்று ஆட்கள் இழுத்தபோது தண்ணீர் வெளியே வந்தது. ஆனால் பீப்பாய் முழுவதும் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மரத்தின் நுண்துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

அடுத்து, சிறிய பீப்பாயைப் பெரிய பீப்பாய்க்குள் வைத்து, இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, உள் பீப்பாயை மட்டும் காலிசெய்தார். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் காற்று புகாது என்பது எண்ணம். வேலை முடிந்து ஓய்ந்தபோது உள்ளிருந்து பறவையின் கீச்சொலி போல விட்டு விட்டு ஒரு மெல்லிய சத்தம் வந்தது. மூன்று நாள் நீடித்தது. திறந்து பார்த்தால் உள் பீப்பாயில் தண்ணீரும் காற்றும் இருந்தன. இரண்டும் மரத்தின் வழியே கசிந்து வந்திருந்தன. மரம் உதவாது என்று அப்போது உறுதியாயிற்று. அடுத்து அவர் செம்புக்குப் போனார். தண்ணீரையும் கைவிட்டுக் காற்றையே நேராக இழுக்கத் துணிந்தார்.

செம்புக் கோளம் நசுங்கிவிட்டதாமே? அதோடு அவர் ஏன் நிறுத்திவிடவில்லை?

ஆம். இரண்டு கட்டுமஸ்தான ஆட்கள் பிஸ்டனை இழுத்தார்கள். போகப் போக அசைக்கவே முடியாத அளவுக்கு இறுகியது. காற்று கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது என்று நினைத்த நேரத்தில், எல்லாரும் நடுங்கும்படி ஒரு பெரும் சத்தத்தோடு கோளம் கையில் கசக்கிய துணியாகச் சுருங்கிப்போனது.

இப்போது டேக்கார்ட் சொன்னதை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருந்ததை எடுத்தார்கள், சுவர்கள் ஒன்றையொன்று தொட்டன! வெற்றிடம் முடியாது என்பவர்களுக்கு இதைவிடக் கண்கூடான சாட்சி கிடைத்திருக்குமா? கேரிக்கே வேறு விளக்கத்தைத் தேடினார். கொல்லன் கோளத்தைச் சரியான உருண்டையாகச் செய்யவில்லை. எங்கோ தட்டையாக இருந்த இடம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கவில்லை என்றார். உருண்டை பிசகாமல் இன்னொன்று செய்யச் சொன்னார். அது நசுங்காமல் நின்றது. குழாயைத் திறந்ததும் வெளிக்காற்று பேரிரைச்சலோடு உள்ளே பாய்ந்தது. அவருடைய விளக்கம் சரியா என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது, அந்த வழியில் அவர் போனார். குதிரைகளைப் பூட்டிக் கோளத்தை இழுத்துக் காட்டிய, கீழே வரும் புகழ்பெற்ற சோதனையை விட இந்த இரண்டாவது கோளம்தான் அவருடைய உண்மையான சாதனை என்பது என் கருத்து.

உள்ளே இருக்கும் வெற்றிடம் இரண்டு கிண்ணங்களையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அப்படித்தானே?

இல்லை. நான் அதிகம் கேட்கும் தவறான விளக்கம் இதுதான். வெற்றிடத்துக்கு இழுக்கும் சக்தி கிடையாது. வெளியே இருக்கும் காற்று எப்போதும் எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் சுமார் 1 கிலோ எடை அளவுக்கு. சாதாரணமாகக் கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றும் அதே அளவு வெளிநோக்கி அழுத்துவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. உள்காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்று மட்டும் தள்ளுகிறது. கிண்ணங்களை ஒட்டவைத்திருப்பது வெளியிலிருந்து வரும் அந்தத் தள்ளல்தான்.

விவசாயக் குடும்பங்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். ஆழமான கிணற்றின் மேட்டில் மோட்டாரை வைத்தால் தண்ணீர் ஏறாது. கிணற்றுக்குள் தளம் போட்டு இறக்கித்தான் வைக்க வேண்டும். பம்பு உள்ளே காற்றைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலால் எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் சுமார் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது. நடைமுறையில் 7, 8 மீட்டரிலேயே திணறிவிடும். வெற்றிடம்தான் இழுக்கிறது என்றால் இப்படி ஓர் எல்லை இருக்கக் காரணமே இல்லை.

அப்படியானால் நம் உடம்பு ஏன் நசுங்குவதில்லை?

மேலே சொன்ன அதே காரணம்தான். நுரையீரலிலும் காதிலும் இருக்கும் காற்று வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே இருக்கிறது. திசுக்களில் இருப்பது பெரும்பாலும் நீர். அது எளிதில் சுருங்குவதில்லை. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைப்பது, இந்தச் சமநிலை சிறிது நேரம் குலைவதால்தான்.

பதினாறு குதிரைகள் பூட்டி இழுத்தது நடந்ததா, கட்டுக்கதையா? 1654இல் பேரரசர் முன்னால் என்று போட்டிருக்கிறார்களே?

நடந்தது. ஆண்டிலும் இடத்திலும்தான் குழப்பம். 1654இல் ரேகன்ஸ்பர்க்கில் கூடிய பேரரசு மன்றத்துக்கு மாக்டபர்க்கின் தூதராகப் போயிருந்த கேரிக்கே, பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டுக்கும் பிரபுக்களுக்கும் தன் பம்பையும் சில சோதனைகளையும் காட்டினார். வூர்ட்ஸ்பர்க் ஆயரும் மைன்ஸ் பேராயருமான யோஹான் பிலிப் வான் ஷோன்போர்ன் அந்தக் கருவிகளை விலைக்கே வாங்கிக்கொண்டார். அந்தக் கருவிகளை விவரித்துப் பாதிரியார் காஸ்பர் ஷாட் 1657இல் வெளியிட்ட நூலில் குதிரைகள் இல்லை. குதிரைகளைப் பூட்டி இழுத்துக் காட்டியது 1657இல் மாக்டபர்க்கில் என்பதுதான் ஆராய்ந்தவர்கள் ஏற்கும் கணக்கு. 1663இல் பெர்லினில் பிராண்டன்பர்க் இளவரசர் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் முன்னிலையிலும் செய்துகாட்டினார். பல நூல்களில் இந்த நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

கோளத்தின் விட்டம் சுமார் அரை மீட்டர். இரு பாதிகளுக்கும் நடுவே மெழுகும் டர்பன்டைனும் ஊறிய தோல் வளையம். பக்கத்துக்கு எட்டுக் குதிரைகள். பிரிந்தால் பீரங்கி வெடித்தது போன்ற சத்தம். ஆனால் குழாயைத் திறந்து காற்றை விட்டால் ஒருவரே கையால் பிரித்துவிடலாம். கணக்கு எளிது: அரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 1,960 சதுர செ.மீ.; காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமம். என் கண்காட்சிக் கிண்ணங்களின் விட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் விசை இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 80 கிலோ. பெரியவர்கள் சிலர் சேர்ந்து இழுத்தால் பிரிந்துவிடும்.

எட்டுக் குதிரைகளே போதும், மீதி எட்டு வீண் என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?

சரிதான் அம்மா. ஒரு பாதியைக் கனமான சுவரிலோ மரத்திலோ கட்டிவிட்டு, மறுபாதியில் எட்டுக் குதிரைகளைப் பூட்டினாலும் கோளத்தின் மேல் விழும் இழுவிசை அதேதான். எட்டுக் குதிரைகள் எவ்வளவு இழுக்கின்றனவோ, அவ்வளவு விசையோடு சுவரும் எதிர்ப்பக்கம் இழுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி 1687இல்தான் அச்சேறியது; கேரிக்கே அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

எட்டுக் குதிரைகளால் 2 டன்னை இழுக்க முடியாதா என்ற கேள்வியும் கூடவே வரும். வண்டி இழுப்பதை வைத்து நாம் கணக்குப் போடுகிறோம். வண்டிக்குச் சக்கரம் இருப்பதால் பாரத்தின் சிறு பங்கை மட்டுமே குதிரை இழுக்க வேண்டியிருக்கிறது. இங்கே முழு 2 டன்னும் நேரடியாக இழுவிசையாக வேண்டும். குதிரைக்கு 250 கிலோ வீதம், எட்டும் ஒரே நொடியில், ஒரே நேர்க்கோட்டில். குதிரைகள் அப்படி ஒத்துழைப்பது அரிது. ஒன்று முன்னால் பாய்ந்தால் இன்னொன்று பின்வாங்கும்.

டோரிசெல்லி அதற்கு முன்பே வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டாரே? பிறகு கேரிக்கேக்கு என்ன பெருமை?

இத்தாலிய அறிஞர் டோரிசெல்லிதான் முந்தியவர், அதில் ஐயமில்லை. 1643இல் வகுத்த சோதனையில், பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தபோது மேலே வெற்றிடம் உண்டாயிற்று. 1648இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயை ப்யூய் டி டோம் மலைமேல் கொண்டுபோய், உயரம் ஏற ஏறப் பாதரசம் இறங்குவதைக் காட்டினார். கேரிக்கே இவற்றை அறியாமல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தார். டோரிசெல்லியின் சோதனை பற்றி 1654இல் ரேகன்ஸ்பர்க்கில்தான், வலேரியானோ மாக்னி என்ற துறவியிடமிருந்து தெரிந்துகொண்டார்.

ஆனால் குழாயின் மேல்முனையில் இருக்கும் விரலளவு இடத்தில் எதை வைத்துச் சோதிப்பது? கேரிக்கேயின் பம்பு, வேண்டிய பாத்திரத்தில், வேண்டிய நேரத்தில் வெற்றிடத்தை உண்டாக்கித் தந்தது. வெற்றிடம் இருக்கிறதா என்ற கேள்வி, வெற்றிடத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வியாக மாறியது அந்தப் பம்பால்தான்.

வெற்றிடத்துக்குள் அவர் என்னென்ன வைத்துப் பார்த்தார்?

தானாக அடிக்கும் மணியை வைத்தார். காற்று குறையக் குறைய ஒலி மங்கியது. எரியும் மெழுகுவர்த்தியை வைத்தார், அணைந்தது. ஒளி மட்டும் தடையின்றிக் கடந்தது. பறவைகள் இறந்தன. அதைப் படிக்கும்போது இன்றும் மனம் சங்கடப்படுகிறது. திராட்சை பல மாதங்கள் கெடாமல் இருந்தது.

காற்றை எடைபோட்டும் பார்த்தார். ஒரு பாத்திரத்தைக் காற்றோடும் காற்றின்றியும் தராசில் வைத்து, வேறுபாட்டைக் கண்டார். அந்த வேறுபாடு வானிலையைப் பொறுத்து மாறுவதையும் கவனித்தார். எனக்கு மிகவும் பிடித்தது பிஸ்டன் சோதனை. ஒரு சிலிண்டரின் பிஸ்டனில் கயிறு கட்டி, கப்பியில் போட்டு, பல ஆட்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சிலிண்டரின் அடியில் வெறுமையாக்கிய கோளத்தை இணைத்துக் குழாயைத் திறந்ததும், பிஸ்டன் இறங்கியது, ஆட்கள் முன்னோக்கி இழுபட்டார்கள். காற்றின் அழுத்தத்தால் வேலை வாங்கலாம் என்று இது காட்டியது. நீராவியைக் குளிரவைத்து அந்த வெற்றிடத்தை உண்டாக்கலாம் என்று 1690இல் பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பின் எழுதினார். 1712இல் ஆங்கிலேயர் நியூகோமனின் நீராவி எந்திரம் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைத்தது.

வீட்டுச் சுவரில் பொம்மை வைத்து வானிலை சொன்னாராமே? மந்திரவாதி என்று பயந்தார்களாமே?

மந்திரவாதிக் கதை எனக்குத் தெரிந்த நம்பகமான வரலாறுகளில் இல்லை, பொம்மை உண்மை. தன் வீட்டையொட்டிப் பல மாடி உயரத்துக்குக் குழாய் அமைத்து, பாதரசத்துக்குப் பதில் தண்ணீரால் காற்றழுத்தமானி செய்தார். 10 மீட்டர் கணக்கை மேலே பார்த்தோம். அதனால்தான் அந்த உயரம் தேவைப்பட்டது. மேல்முனை மட்டும் கண்ணாடி. தண்ணீரின் மேல் மிதந்த மரப்பொம்மை, அழுத்தம் மாறும்போது ஏறி இறங்கி அளவைக் காட்டியது. 1660இல் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாக இறங்கியதைக் கண்டு, கடும் புயல் வருவதை முன்கூட்டியே சொன்னார். வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தைப் பற்றி இன்று நாம் கேட்கும் அறிவிப்புகளும் அதே அளவீட்டின் தொடர்ச்சிதான்.

ராபர்ட் பாயில் இவருடைய பம்பைத் திருடிவிட்டார் என்கிறார்களே?

திருட்டு இல்லை. ஷாட்டின் 1657ஆம் ஆண்டு நூல் வழியாகப் பாயில் செய்தி அறிந்தார். 1660இல் தன் சோதனைகளை வெளியிட்டபோது கேரிக்கேக்கு உரிய பெருமையையும் கொடுத்தார். குறைகளையும் சொன்னார்: கசிவைத் தடுக்கக் கருவியின் ஒரு பகுதி தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், வலுவான இரண்டு ஆட்கள் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், பாத்திரத்துக்குள் பொருள்களை எளிதாக வைக்க முடியாது. உதவியாளர் ராபர்ட் ஹூக்கின் கைத்திறனால் பாயிலுக்கு மேம்பட்ட பம்பு கிடைத்தது. அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்று நாம் பள்ளியில் படிக்கும் பாயில் விதி 1662இல் வந்தது. கேரிக்கேயும் பிற்பாடு தன் பம்பைச் சீராக்கினார்.

இதை வீட்டில் செய்துபார்க்க முடியுமா?

நசுங்கிய செம்புக் கோளத்தைச் செய்துபார்க்கலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால். காலியான அலுமினியக் குளிர்பானக் கேனில் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்து, வாயிலிருந்து ஆவி நன்றாக வரும்வரை காத்திருங்கள். இடுக்கியால் பிடித்து, ஒரு பேசின் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று கவிழ்த்து அமிழ்த்துங்கள். ஆவி குளிர்ந்து நீராகி உள்ளே வெறுமை உண்டாக, வெளிக்காற்று கேனை நொறுக்கிவிடும்.

கண்ணாடிப் பாட்டிலில் மட்டும் பம்பை வைத்துக் காற்றை எடுக்க முயல வேண்டாம். உடைந்தால் சில்லுகள் முகத்தில் தெறிக்கும்.

கந்தக உருண்டை செய்தாராமே? முதல் மின்சார எந்திரம் அதுதானா?

பல பாடநூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. சற்றுப் பொறுத்து ஏற்க வேண்டிய கூற்று அது. குழந்தையின் தலையளவு கண்ணாடி உருண்டையில் உருக்கிய கந்தகத்தை ஊற்றி, ஆறியபின் கண்ணாடியை உடைத்து எடுத்து, இரும்பு அச்சில் கோத்துச் சுழற்றி, உலர்ந்த கையால் தேய்த்தார். அது காகிதத்துண்டுகளையும் இறகுகளையும் இழுத்தது. தொட்ட இறகை விலக்கவும் செய்தது. விலகிய இறகை உருண்டையால் துரத்திக்கொண்டே அறை முழுவதும் மிதக்க விட்டார். இருட்டில் தேய்த்தால் ஒளிர்ந்தது, காதருகே வைத்தால் படபடவென்றது. நூலிழை வழியாக அதன் கவர்ச்சி சற்றுத் தொலைவு கடந்துபோவதையும் கண்டார்.

ஆனால் இவற்றை அவர் மின்சாரம் என்று கருதவில்லை. பூமிக்குப் பொருள்களை ஈர்க்கும், விலக்கும், ஒலிக்கும், ஒளிரும் ஆற்றல்கள் இருப்பதாக அவர் எண்ணினார். கந்தக உருண்டை அவருக்குப் பூமியின் சிறு மாதிரி. மிதக்கும் இறகு எப்போதும் ஒரே பக்கத்தை உருண்டைக்குக் காட்டுவதைப் பார்த்து, நிலவும் அப்படித்தான் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுகிறது என்று எழுதினார். விளக்கம் பிழை, கவனிப்பு அபாரம். கருவியை வைத்துப் பார்த்தால் அவர் முன்னோடி. மின்னூட்டத்தை உண்டாக்கவே எந்திரம் அமைத்தவர் என்றால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடி உருண்டையைச் சுழற்றிய ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பியிடம் போக வேண்டும்.

அசல் அரைக்கோளங்களை எங்கே பார்க்கலாம்?

ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள டாய்ச்சஸ் மியூசியத்தில், கேரிக்கேயின் பம்போடு. மாக்டபர்க்கில் லூகாஸ்கிளாவுஸே என்ற பழைய கோபுரக் கட்டடத்தில் அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. அந்நகரின் பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கியது.

வெற்றிடத்திலும் புலங்கள், அலைவுகள் எல்லாம் இருப்பதாக இன்றைய இயற்பியல் சொல்கிறதே. அப்படியானால் அரிஸ்டாட்டில் சொன்னதுதான் சரியா?

கல்லூரி மாணவர்கள் கேட்பது இது. இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்திலிருந்து பொருளை எடுத்துவிட முடியுமா என்பது ஒன்று. முடியும்; இன்று ஆய்வகங்களிலும் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் அன்றாடம் செய்கிறார்கள். கேரிக்கேயின் பம்பால் முழுமையாக எடுக்க முடியவில்லை என்பதும் உண்மை: ஒவ்வோர் இழுப்பிலும் மீதமிருக்கும் காற்றின் ஒரு பங்குதான் வெளியேறும், எனவே எத்தனை முறை இழுத்தாலும் கொஞ்சம் எஞ்சும். ஆயினும் அரிஸ்டாட்டிலின் வழிவந்தவர்கள் சொன்ன தடை, அந்தத் திசையில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது என்பது. அது பொய்த்துவிட்டது.

பொருளை எடுத்தபின் எஞ்சுவது எத்தகையது என்பது இரண்டாவது கேள்வி. அங்கே குவாண்டம் புலங்கள் இருக்கின்றன. ஆனால் அவை அரிஸ்டாட்டில் நினைத்ததுபோல் நகரும் பொருளைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் ஊடகம் அல்ல. கேரிக்கேயும் வெறுமையாக்கிய பாத்திரத்துக்குள் எதுவுமே நிகழாது என்று சொல்லவில்லை. மணியோசை நின்றுபோகிறது, ஒளி கடந்துபோகிறது என்று கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். ஒளி எதன் ஊடாகக் கடக்கிறது என்ற கேள்விக்கு மேக்ஸ்வெல்லும் மைக்கேல்சனும் ஐன்ஸ்டைனும் வேலை செய்ய இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.